அண்ணனின் கோழி ஷெட், உங்கள் கிரெடிட் கார்டு

கேள்வி: ஐயா, எனக்கு வயது 29. நாமக்கல் மாவட்டம். கால்நடை மருத்துவமும் அதில் முதுநிலையும் முடித்து, இரண்டு வருடம் ஒரு தீவனக் கம்பெனியில் வேலை பார்த்தேன். இப்போது கால்நடை உற்பத்தி மேலாண்மையில் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்கிறேன். மேச்சேரி ஆட்டுக்குட்டிகளின் வளர்ச்சி பற்றிய ஆய்வு. சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். விடுதியில் தங்கியிருப்பதால் வீட்டு வாடகைப் படி இல்லை. வேலையில் இருந்தபோது, அண்ணன் பிராய்லர் ஷெட் போடுவதற்காக என் பெயரில் 6 லட்சம் பர்சனல் லோன் வாங்கிக் கொடுத்தேன். 14% வட்டி, 5 வருடம், மாதம் 13,960. இதுவரை 14 தவணை நான்தான் கட்டியிருக்கிறேன். உதவித்தொகை சில சமயம் மூன்று, நான்கு மாதத்துக்குச் சேர்த்து வருகிறது. அந்த மாதங்களில் கார்டில் பணம் எடுத்துத் தவணை கட்டியதில் 1,40,000 நிலுவை நிற்கிறது. மாதம் 7,000 கட்டுகிறேன், குறைவதாகவே தெரியவில்லை. இப்போது அண்ணன் மானியத்தில் ஆட்டுப்பண்ணை வைக்க இன்னும் 5 லட்சம் கேட்கிறார். அப்பா இல்லாத வீட்டில் என்னைப் படிக்க வைத்தது அவர்தான். பழைய கம்பெனியில் 55,000 சம்பளம் தருவதாகச் சொல்கிறார்கள். படிப்பை விட்டுவிடலாமா?

பதில்: கடிதத்தோடு உங்கள் எடை நோட்டின் ஒரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். குட்டியின் காது எண், பிறந்த தேதி, எடை என்று வரிசையாகப் போகிறது. ஓரத்தில் பென்சிலில் ‘5 – லோன், 18 – கார்டு’ என்று எழுதி, 18-ஐ இரண்டு முறை வட்டமிட்டிருக்கிறீர்கள். கடிதத்தைவிட அந்த வட்டம்தான் எனக்கு அதிகம் சொன்னது. விடிகாலையில் குட்டிகளை மேய்ச்சலுக்கு விடுவதற்கு முன் எடை போட நிற்கும் நேரத்திலும் மனம் அந்தத் தேதியில்தான் கிடக்கிறது.

படிப்பை விடவேண்டாம். உங்கள் சிக்கல் படிப்பில் இல்லை. 37,000 பெரிய தொகை இல்லைதான். ஆனால் விடுதியில் இருக்கும் ஒருவருக்குப் போதும், வருமான வரியும் கிடையாது. 2023 ஜனவரியில் இந்தத் தொகை 31,000-லிருந்து 37,000 ஆனது. இரண்டு வருடம் முடிந்து மதிப்பீட்டில் தேறினால் எஸ்ஆர்எஃப் எனும் முதுநிலை உதவித்தொகை, மாதம் 42,000. அதற்கு இன்னும் ஒரு வருடம்தான்.

கம்பெனி தரும் 55,000-ஐயும் பார்த்துவிடலாம். வித்தியாசம் 18,000. அதில் வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம், வெளியே வீட்டு வாடகை, பெட்ரோல், சாப்பாடு எல்லாம் போனால் கையில் கூடுதலாக நிற்பது 7,000, 8,000. அந்தத் தொகையைப் படிப்பை விடாமலேயே கொண்டுவர வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். பிறந்ததிலிருந்து ஒரு வருடம் வரை விடாமல் எடுக்கவேண்டிய எடைக் கணக்கு நடுவில் அறுந்தால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஈற்றுப் பருவத்துக்குக் காத்திருந்து முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

உங்களைக் கெடுப்பது ஒரே ஒரு பழக்கம். அண்ணனின் தவணை தவறக்கூடாது என்பதற்காக, உதவித்தொகை வராத மாதத்தில் கார்டில் எடுத்துக் கட்டுகிறீர்கள். 14% கடனை 42% கடன் வாங்கி அடைக்கிறீர்கள்.

கார்டுக் கணக்கைத் தோராயமாகப் போடுகிறேன். மாதம் 3.5% வட்டி என்று வைத்தால் 1,40,000-க்கு 4,900. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி, கிட்டத்தட்ட 880. மொத்தம் 5,780. நீங்கள் கட்டும் 7,000-ல் அசலில் கழிவது 1,200 ரூபாய். குறைவதாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்களே, காரணம் இதுதான். இனிமேல் ஒரு ரூபாய்கூடப் புதிதாக எடுக்காமல் இதே 7,000-ஐக் கட்டினாலும் முடிய 43 மாதம் ஆகும். 3 லட்சம் கட்டியிருப்பீர்கள். போதாததற்கு, கார்டில் ரொக்கமாக எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், எடுப்பதற்கும் தனிக் கட்டணம் உண்டு.

பர்சனல் லோனில் இதுவரை 1,95,000 கட்டியிருக்கிறீர்கள். அதில் அசலுக்குப் போனது 1,05,000. மீதி 90,000 வட்டி. இன்னும் சுமார் 4,95,000 பாக்கி.

அண்ணன் படிக்க வைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா இல்லாத வீட்டில் தங்கையை ஐந்தரை வருடம் கால்நடை மருத்துவம் படிக்க வைப்பது பெரிய காரியம். அந்த நன்றிக்குக் கணக்குப் பார்க்கச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் மாதாமாதம் கட்டும் பணத்தில் எவ்வளவு அண்ணனைப் போய்ச் சேர்கிறது என்று மட்டும் பாருங்கள். கார்டுக்குக் கட்டும் 7,000-ல் 5,780 வட்டியாகவும் வரியாகவும் போகிறது. அதனால் அவருக்கு ஒரு பைசா நன்மை இல்லை. இப்படி நடக்கிறது என்பதாவது அவருக்குத் தெரியுமா? கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கார்டு பற்றி அவரிடம் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை.

சொல்லுங்கள். அதற்கு முன் அவர் ஷெட்டின் கணக்கையும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இது உங்கள் துறை, என்னைவிட நீங்கள் சரியாகப் போடுவீர்கள். நீங்கள் கொடுத்த விவரப்படி 5,000 குஞ்சு இறக்குகிறார். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கோழிக் கம்பெனியுடையது, வளர்ப்புக் கூலி கிலோவுக்கு 7 ரூபாய். 5% சாவு போக 4,750 கோழி, சராசரி 2.1 கிலோ, ஏறக்குறைய 10,000 கிலோ. கூலி 70,000. கரண்ட், தரையில் பரப்பும் தேங்காய் நார்க் கழிவு, குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் செலவு, ஆள் கூலி எல்லாம் 30,000 என்று வைப்போம். பேட்ச் ஒன்றுக்குக் கையில் நிற்பது 40,000. கோழி எரு விற்ற காசு தனி. 40 நாள் வளர்ப்பு, பிறகு கழுவிச் சுண்ணாம்பு அடித்து அடுத்த குஞ்சுக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்த்து 70 நாள். வருடத்துக்கு 5 பேட்ச், 2 லட்சம்.

ஆக, அவருக்கு வருமானம் இருக்கிறது. அது 70 நாளுக்கு ஒருமுறை மொத்தமாக வருகிறது, தவணையோ மாதாமாதம் வருகிறது. கோழி எடுத்துக் கூலி வந்த வாரத்தில் மளிகைக் கடைப் பாக்கி, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வண்டி ரிப்பேர் என்று எல்லாம் வரிசையில் நிற்கும். தவணை மட்டும் அந்த வரிசையில் இல்லை. அதைத் தங்கை கட்டிவிடுவாள் என்று பழகிவிட்டது. அவர் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. கேட்காத கடனை யாரும் முதலில் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அதனால் மாதாமாதம் கொடு என்று கேட்காதீர்கள். முடியாது என்பார், அது உண்மையும்கூட. பேட்ச் கணக்கில் கேளுங்கள். கூலி வந்த அன்றே 17,000 ரூபாய் லோன் பிடிக்கும் கணக்குக்கு வரவேண்டும். ஐந்து பேட்ச்சுக்கு 85,000. வருடத் தவணை 1,67,500-ல் பாதி. அந்த நாளே உங்களுக்கு மாதம் 7,000 மிச்சம். கம்பெனி வேலைக்குப் போனால் கூடுதலாகக் கிடைக்கும் என்று பார்த்தோமே, அதே தொகை. சித்திரை, வைகாசி வெயிலில் கோழி விழுந்து கூலி குறைந்த பேட்ச்சுக்கு விட்டுக்கொடுங்கள், பரவாயில்லை. ஆனால் அது விதிவிலக்கு என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கவேண்டும். பேசும்போது அண்ணியும் உடன் இருக்கட்டும். வீட்டுச் செலவைப் பார்ப்பவர் அவர். அவருக்குத் தெரியாமல் போடும் ஏற்பாடு இரண்டு பேட்ச் தாண்டாது.

குஞ்சு இறக்கும் நேரத்துச் செலவுக்குக் கையில் காசில்லை என்று அவர் சொன்னால் அதற்கும் வழி உண்டு. கிசான் கிரெடிட் கார்டு விவசாயிகளுக்கு மட்டும் என்று பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2018-19 முதல் ஆடு, மாடு, கோழி வளர்ப்போருக்கும் உண்டு. நடைமுறைச் செலவுக்கு 2 லட்சம் வரை 7% வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 4% வரை இறங்கும். அவர் பெயரில், அவர் ஊர் வங்கியில் அவரே விண்ணப்பிக்கட்டும். படிவம் நிரப்ப நீங்கள் உதவுங்கள். கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்கவேண்டாம்.

சரி, கார்டுக்கு வருவோம். அம்மா உங்களுக்காகச் சேர்த்த 5 சவரன் நகை அடகுக்குப் போகாமல் வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நகை அடகு வைக்கச் சொல்வது என் வழக்கம் இல்லை. இங்கே சொல்கிறேன், ஏனென்றால் வட்டி வித்தியாசம் அப்படி. வங்கியில் 10% வட்டிக்கு நகைக் கடன் 1,40,000 வாங்கி, அன்றே கார்டை முழுதாக அடையுங்கள். இன்றைய விலைக்கு 5 சவரனில் பாதிகூடத் தேவைப்படாது. கார்டுக்குக் கட்டிய அதே 7,000-ஐ இதற்குக் கட்டினால் 22 மாதத்தில் முடியும். மொத்தம் 1,54,000. அங்கே 3 லட்சம், இங்கே ஒன்றரை லட்சம். நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக அசல் கட்ட விடுவார்களா என்று கேட்டுவிட்டு வையுங்கள். சில இடங்களில் ஒரு வருடம் கழித்து மொத்தமாகத்தான் வாங்குவார்கள், அது உங்களுக்கு ஒத்துவராது. நகையை எடுக்கும் முன் அம்மாவிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

அண்ணன் தரும் பங்கால் மிச்சமாகும் 7,000-ஐ எங்கே போடுவது? உதவித்தொகை தாமதமாகும் என்பது உங்களுக்கு இப்போது தெரிந்த விஷயம், வெயில் காலம் வரும் என்பதைப் போல. அதற்குத் தயாராக இருங்கள். வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்டி போடுங்கள், இல்லையென்றால் தனிச் சேமிப்புக் கணக்கு. மூன்று மாதத் தவணையும் விடுதிச் செலவும் சேரும்வரை வேறு எதுவும் வேண்டாம். மொத்தமாக நான்கு மாத உதவித்தொகை வரும்போதும் முதலில் இதை நிரப்புங்கள். தோழி சொல்லும் டிஜிட்டல் தங்கம், மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்ஐபி எல்லாம் பிறகு பார்க்கலாம். 42% வட்டிக்குக் கடன் நிற்கும்போது 12% வருமானத்துக்கு ஆசைப்படுவதில் என்ன லாபம்?

அப்புறம் அந்த ஆட்டுப்பண்ணை. தேசிய கால்நடை இயக்கத்தில் 50% மானியம் இருப்பது உண்மை. 100 பெட்டை, 5 கிடா என்றால் 10 லட்சம் வரை, 500 பெட்டை, 25 கிடா என்றால் 50 லட்சம் வரை. நல்ல திட்டம்தான். ஆனால் இடைத்தரகர்கள் இதை ‘பாதிப் பணம் சும்மா’ என்று விற்கிறார்கள், அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. மானியம் முதலிலேயே மொத்தமாகக் கைக்கு வருவதில்லை. வேலை நடக்க நடக்க இரண்டு தவணையாக வரும். மீதிப் பாதியை வங்கிக் கடனாகவோ சொந்தப் பணமாகவோ போடவேண்டும். 100 ஆடு ஒரே நேரத்தில் வந்து இறங்கினால் தீவனப் பயிர் எங்கே, தண்ணீர் எங்கே, பிபிஆர் எனும் ஆட்டுக்கொல்லி நோய் வந்தால் யார் பார்ப்பது? மேச்சேரி ஆட்டை தினமும் பார்க்கும் உங்களுக்கு இந்தக் கேள்விகள் என்னைவிட நன்றாகத் தெரியும். இருக்கிற ஷெட்டின் கடனையே கட்ட முடியாத நேரத்தில் இது வேண்டாம். ஊரில் பத்து ஆடு வைத்து இரண்டு வருடம் வளர்த்துப் பார்த்தபின் அண்ணன் கேட்டால், அப்போது நீங்களே முன்னின்று திட்ட அறிக்கை எழுதிக் கொடுங்கள்.

தரகர் உங்கள் பெயரில் விண்ணப்பித்தால் சீக்கிரம் கிடைக்கும் என்றாராம். முழுநேர உதவித்தொகை வாங்கும்போது வேறு வேலையிலோ தொழிலிலோ வருமானம் பார்ப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. சேரும்போது நீங்கள் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவத்தை எடுத்துப் படியுங்கள். 5 லட்சத்துக்காக 37,000 ரூபாய் உதவித்தொகையையே சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்.

பண்ணையே வேண்டாம், ஆட்டு யூனிட்டில் 1 லட்சம் போட்டால் மாதம் 8,000 தருகிறார்கள் என்று அண்ணனின் நண்பர் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். வருடம் 96%. எந்த ஆடு அப்படி வளர்கிறது? உங்கள் எடை நோட்டிலேயே பதில் இருக்கிறது. 2012-ல் பெருந்துறைப் பக்கம், இதேபோல் மாதாமாதம் பணம் தருவதாகச் சொன்ன ஈமு பண்ணைகள் மூடியபோது, போட்ட பணம் போனது ஒருபக்கம், கூண்டில் பட்டினி கிடந்த பறவைகளுக்குத் தீவனம் போட அரசின் கால்நடைத் துறை போகவேண்டியிருந்தது. உங்கள் துறையில் மூத்தவர்களைக் கேளுங்கள், நேரில் பார்த்தவர்கள் இருப்பார்கள். அந்த நண்பரை அண்ணன் நம்பினால் நீங்கள் உட்கார்ந்து விளக்குங்கள். இந்த வீட்டில் இதைச் சொல்லும் தகுதி உங்களுக்குத்தான் இருக்கிறது.

பர்சனல் லோனை முன்கூட்டியே அடைப்பதைப் பற்றி இப்போது யோசிக்கவேண்டாம். கார்டு, கையிருப்பு, நகை மீட்பு, அதற்குப் பிறகுதான் அது.

இந்த மாதம் 18-ஆம் தேதிக்கு முன் நகைக் கடனை முடித்துவிடுங்கள். கார்டு அடைந்ததும் நிலுவை இல்லை என்று வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள், கடன் வரம்பை 20,000 ஆகக் குறைக்கச் சொல்லுங்கள், ரொக்கம் எடுக்கும் வசதியை நிறுத்தச் சொல்லுங்கள். அண்ணனிடம் பேசுவதை மட்டும் இந்த பேட்ச் கோழி எடுக்கும் நாள் வரை தள்ளி வையுங்கள். கூலிச் சீட்டு அவர் கையில் இருக்கும்போது பேசுவது உங்கள் இருவருக்கும் சுலபம்.