கேளுங்கள், சொல்கிறோம்: வேதியியல் பக்கம்

கே: 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைக் கவனமாக எடைபோட்டு ஒரு லிட்டர் ஆக்கினேன். தரம் பார்த்தால் (செறிவை அளந்தால்) 0.1 மோலார், அதாவது லிட்டருக்கு 0.1 மோல், வரவில்லையே? (பிளஸ் டூ மாணவி, தேனி)

ப: எடையில் தப்பில்லை, பொருளில்தான் சங்கடம். புட்டியைத் திறந்ததுமே அந்த வில்லைகள் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கத் தொடங்கும். கரியமில வாயுவைப் பிடித்துக் கொஞ்சம் கார்பனேட்டாகவும் மாறும். தராசு 4 கிராம் காட்டினாலும் உள்ளே இருக்கும் காரம் குறைவு. ஆகவே தோராயமாகக் கரைத்துக்கொண்டு, ஆக்சாலிக் அமிலத்தை வைத்துச் செறிவைக் கண்டுபிடியுங்கள்.

ஆக்சாலிக் அமிலப் படிகத்தில் இரண்டு நீர் மூலக்கூறுகள் உண்டு. மூலக்கூறு நிறை 126. (நீரை விட்டுவிட்டு 90 என்று போட்டுக் கணக்கைக் கெடுத்துக்கொள்வது வழக்கமான கூத்து.) 1.575 கிராமைக் கரைத்துத் திட்டக் குடுவையில் 250 மி.லி. ஆக்கினால் 0.05 மோலார். அதில் 20 மி.லி. பிப்பெட்டால் எடுத்து, இரண்டு சொட்டு பினாப்தலீன் (காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி) விட்டு, பியூரெட்டிலிருந்து (அளவு குறித்த, திருகுள்ள கண்ணாடிக் குழாய்) காரத்தை இறக்குங்கள். ஓர் அமில மூலக்கூறுக்கு இரண்டு காரம் என்பதால், காரம் சரியாக 0.1 மோலாராக இருந்தால் 20 மி.லி. செலவாகும். 20.8 ஆனால் செறிவு (20 × 0.1) ÷ 20.8 = 2 ÷ 20.8, அதாவது 0.096 மோலார்.

வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் அதுதான் முடிவு நிலை. பிறகு மங்குவது காற்றிலுள்ள கரியமில வாயுவால். இன்னொரு சொட்டு விடாதீர்கள். பியூரெட்டைக் காரக் கரைசலாலேயே அலசுங்கள். கூம்புக் குடுவைக்கு வாலை வடிநீர் மட்டும். அமிலத்தால் அலசினால் ஒட்டியிருக்கும் மிச்சமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

கே: பெர்மாங்கனேட் தரம் பார்க்கையில் குடுவை பழுப்பாகக் கலங்குகிறது. ஏன்?

ப: நீர்த்த கந்தக அமிலம் போதவில்லை, மாங்கனீசு டை ஆக்சைடு உண்டாகிவிட்டது. கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மாற்றாக ஊற்றவேண்டாம், அதுவும் பெர்மாங்கனேட்டைத் தின்னும்.

கே: கதிரியக்க அயோடின்-131இன் அரை ஆயுட்காலம் (பாதி சிதைய ஆகும் காலம்) 8 நாள். 16 நாளில் தீர்ந்துவிடுமா?

ப: தீராது, கால் பங்கு இருக்கும். 80 மில்லிகிராம் 8ஆம் நாள் 40, 16ஆம் நாள் 20, 24ஆம் நாள் 10. அப்படியானால் 20ஆம் நாள் நடுவே 15 என்று எழுதத் தோன்றும். தவறு. சிதைவு நேர்கோட்டில் இறங்குவதில்லை. 80ஐ 2இன் 2.5 அடுக்கால் வகுங்கள், 14.1 வரும். சிதைந்தது மாயமாவதும் இல்லை, செனான்-131 ஆகிறது. சூடாக்கினாலும் கரைத்தாலும் இந்த வேகம் மாறாது: வேதிவினை எலக்ட்ரான்களோடு நின்றுவிடுகிறது, இது அணுக்கருவுக்குள் நடப்பது.