‘டிட் நாட் வென்ட்’ முதல் ‘நோ எரர்’ வரை: ஆங்கில இலக்கணச் சந்தேகங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘ஸ்பாட் தி எரர்’ வகை. மீதி வீட்டிலும் ஆபீசிலும் மாட்டிக்கொண்டவர்களுடையவை. ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. மூன்றாவது கேள்விக்கு வரும்போது தெரியும்.

என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். எத்தனை தடவை திருத்தினாலும் ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்றே எழுதுகிறான். “நேத்து நடந்ததுதானேம்மா, அப்போ வென்ட்தானே வரணும்?” என்கிறான். எனக்கும் பதில் தெரியவில்லை.

பையன் கேட்டதில் நியாயம் இருக்கிறது, திட்டாதீர்கள். அவனிடம் தமிழில் ஒன்று கேளுங்கள். ‘நேற்று பள்ளிக்கூடம் போனேன்.’ போகாவிட்டால் எப்படிச் சொல்வாய்? ‘போகவில்லை’ என்பான். ‘போனேன் இல்லை’ என்று சொல்லமாட்டான். ‘இல்லை’ வந்து ஒட்டியதும் ‘போனேன்’ என்பதில் இருந்த இறந்தகாலம் கழன்றுவிட்டது, வெறும் ‘போக’ மட்டும் நிற்கிறது. ‘டிட் நாட் கோ’வில் உள்ள ‘கோ’வும் அந்த வெறும் ‘போக’தான்.

ஒரு வித்தியாசம் உண்டு. நம் ‘போகவில்லை’ நேற்றைக்கும் பொருந்தும், இப்போதைக்கும் பொருந்தும். ஆங்கிலத்துக்கு அது போதாது. காலத்தைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அதற்குத்தான் ‘டிட்’ வருகிறது. அது வந்த பிறகு ‘கோ’வும் காலத்தைச் சுமக்க வேண்டியதில்லை. ‘டிட் யூ கோ’, ‘டஸ் ஹி கோ’ எல்லாம் இதே கணக்கு. ‘டஸ் ஹி கோஸ்’ என்பதும் அதே தப்பின் தம்பி. பேச்சு வேகத்தில் ‘டிட்ன்ட் கேம்’ என்று நானே வகுப்பில் ஒருமுறை உளறி, கடைசி பெஞ்ச் பையனிடம் திருத்து வாங்கியிருக்கிறேன்.

வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். ‘தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் வேர் குட்’ என்ற வாக்கியத்தில் தவறு இருக்கிறதாம். மேங்கோஸ் பன்மை, வேர் பன்மை, சரியாகத்தானே இருக்கிறது?

தேர்வில் அதிகம் பேர் விழும் குழி இதுதான். வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் ‘மேங்கோஸ்’ உட்கார்ந்திருப்பதால் காது அதையே எழுவாய் என்று எடுத்துக்கொள்கிறது. வாக்கியத்தை மனசுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘மாம்பழங்களின் தரம் நன்றாக இருந்தது.’ இருந்தது எது? தரம். அது ஒருமை. ஆகவே ‘வாஸ்’.

தமிழில் அடைமொழியெல்லாம் முன்னால் போய்விடும், உண்மையான எழுவாய் கடைசியில் வந்து பயனிலையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாய் முதலில் வந்துவிட, அதன் வால் வினைவரைக்கும் நீண்டு கிடக்கிறது. வால் எவ்வளவு நீளமோ, ஏமாறுவதற்கு அவ்வளவு வாய்ப்பு. தேர்வுக் கேள்வி தயாரிப்பவருக்கும் அது தெரியும், வேண்டுமென்றே நீட்டுவார்.

‘அலாங் வித்’, ‘டுகெதர் வித்’ கேள்விகளும் இதே வழியில் அவிழும். ‘தி மேனேஜர், அலாங் வித் ஹிஸ் கிளார்க்ஸ், ஹேவ் கம்.’ தமிழில்: ‘குமாஸ்தாக்களுடன் மேலாளர் வந்திருக்கிறார்.’ வந்தவர் மேலாளர், மற்றவர்கள் உடன் வந்தவர்கள். எனவே ‘ஹேஸ் கம்’. (பேச்சில் மரியாதைக்காக ‘மேனேஜர் வந்திருக்காங்க’ என்போமே, அந்தத் தமிழில் சோதிக்காதீர்கள், குழம்பிவிடும். எழுத்துத் தமிழில் சொல்லிப் பாருங்கள்.)

‘எ நம்பர் ஆஃப் பீப்பிள்’ என்றால் ‘பலர்’. பலர் காத்திருக்கிறார்கள், ‘ஆர் வெயிட்டிங்’. ‘தி நம்பர் ஆஃப் பீப்பிள்’ என்றால் ‘ஆட்களின் எண்ணிக்கை’. எண்ணிக்கை கூடுகிறது, ‘இஸ் ரைசிங்’. மனப்பாடம் செய்ய ஒன்றுமே இல்லை.

இந்த வித்தை பலிக்காத இடம் ‘நைதர்... நார்’. ‘ஆசிரியரும் வரவில்லை, மாணவர்களும் வரவில்லை’ என்று தமிழில் சொன்னால் ‘வரவில்லை’ ஒருமைக்கும் பன்மைக்கும் ஒன்றுதான், அது துப்புக் கொடுக்காது. இங்கே ஆங்கில விதியைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்: வினைக்குப் பக்கத்தில் இருப்பவர் சொன்னபடி. ‘நைதர் தி டீச்சர் நார் தி ஸ்டூடன்ட்ஸ் வேர் பிரசன்ட்.’ இடம் மாற்றி ‘டீச்சர்’ கடைசியில் வந்தால் ‘வாஸ்’.

‘எ’ எப்போது, ‘அன்’ எப்போது? ஏ, இ, ஐ, ஓ, யு வந்தால் ‘அன்’ என்று படித்தேன். ஆனால் ‘அன் யூனிவர்சிட்டி’ தவறு என்கிறார்கள்.

எழுத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்த பழைய பாடம் அது. பார்க்க வேண்டியது ஒலியை. நமக்கு இது புதிதே இல்லை. ‘ஓர் ஊர்’, ‘ஒரு வீடு’ என்று உயிரெழுத்துக்கு முன் ஓர், உயிர்மெய்க்கு முன் ஒரு போடச் சொல்லும் நம் இலக்கணமும் இதேதான்.

நான் மாணவர்களுக்குச் சொல்லும் குறுக்குவழி: சந்தேகம் வந்தால் அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதுங்கள். முதலெழுத்து உயிர் என்றால் ‘அன்’, உயிர்மெய் என்றால் ‘எ’. யூனிவர்சிட்டி, யூனியன், யூரோப்பியன், யூஸ்ஃபுல் எல்லாம் ‘யூ’வில் தொடங்குகின்றன, எனவே ‘எ’. அம்பரெல்லா ‘அ’வில் தொடங்குகிறது, எனவே ‘அன்’. மணி என்ற பொருளில் வரும் சொல்லை ஆங்கிலத்தில் ஹெச் போட்டு எழுதினாலும் தமிழில் ‘அவர்’ என்றுதான் எழுதுவோம், எனவே ‘அன் அவர்’. ‘அன் ஆனஸ்ட் மேன்’ அப்படியே. சுருக்கப் பெயர்களுக்கும் செல்லும்: அன் எஃப்.ஐ.ஆர்., அன் எம்.எல்.ஏ., அன் எஸ்.எம்.எஸ்., ஆனால் எ டி.எஸ்.பி., எ யு.எஸ். விசா. ஆங்கில எழுத்து மறைத்துவைக்கும் ஒலியைத் தமிழ் எழுத்து காட்டிக்கொடுத்துவிடுகிறது. வாக்கியங்களைத் தமிழில் எழுதியதன் காரணம் புரிந்திருக்கும்.

இரண்டு மூன்று இடத்தில் கவனம் வேண்டும். ‘ஒன்’ என்று நாம் எழுதும் எண்ணின் உண்மையான ஒலி ‘வன்’. ஆகவே ‘எ ஒன்-ரூபி காயின்’, ‘அன்’ அல்ல. அந்தக் காலப் பலகைகளில் ‘ஓட்டல்’ என்று எழுதியிருப்பார்கள், அதை நம்பினால் ‘அன்’ போட்டுவிடுவீர்கள். ‘ஹோட்டல்’ என்று எழுதிப் பாருங்கள். எம்.எல்.ஏ.வை ‘யெம்மெல்லே’ என்று சொல்லிப் பழகிய நாக்கு இருந்தாலும் ‘எ’ போட்டுவிடும் ஆபத்து உண்டு.

‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்’ சரியா?

‘ஃபிரெண்ட்ஸ்’. ‘என் நண்பர்களில் ஒருவர்’ என்று எழுத்துத் தமிழில் நினைத்தால் தானாகப் பன்மை வரும். ‘என் ஃபிரெண்டு ஒருத்தன்’ என்று பேச்சுத் தமிழில் நினைப்பதால்தான் ஒருமை வந்து நிற்கிறது. வினை மட்டும் அந்த ஒருவருக்குரியது: ‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ் இஸ் இன் துபாய்.’

ரெஸ்யூமில் ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2016’ என்று எழுதியிருந்தேன். நண்பர் பார்த்துச் சிரித்தார். ‘சின்ஸ்’, ‘ஃபார்’ குழப்பமும் இருக்கிறது.

நண்பர் சிரித்திருக்க வேண்டியதில்லை. ‘2016-இலிருந்து இங்கே வேலை பார்க்கிறேன்’ என்று தமிழில் நிகழ்காலம் போட்டாலே போதும். ஜெர்மன்காரரும் பிரெஞ்சுக்காரரும் தங்கள் மொழியில் அப்படித்தான் நிகழ்காலத்தில் சொல்கிறார்கள், ஆங்கிலம் கற்கும்போது அவர்களும் இதே தப்பைச் செய்கிறார்கள். ஆங்கிலம் மட்டும் தொடங்கிய நாளையும் இன்றையும் கட்டிப்போட ஒரு கயிறு கேட்கிறது: ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2016.’

‘சின்ஸ்’, ‘ஃபார்’ பிரிப்பதற்குத் தமிழ் உருபுகளைப் பாருங்கள். ‘முதல்’ அல்லது ‘இலிருந்து’ வந்தால் சின்ஸ்: திங்கட்கிழமையிலிருந்து, சின்ஸ் மண்டே. ‘ஆக’ வந்தால் ஃபார்: மூன்று வருடமாக, ஃபார் த்ரீ இயர்ஸ். ‘சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்பது ‘மூன்று வருடத்திலிருந்து’ என்று சொல்வதைப் போல.

இதன் பங்காளி ஒன்று உண்டு: ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே.’ நேற்று, போன வாரம், 2010-இல் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ கூடாது, ‘ஐ சா ஹிம் யெஸ்டர்டே’. நாம் ஏன் வழுக்குகிறோம் என்றால், ‘அவர் நேற்று வந்திருக்கிறார்’ என்பது தமிழில் நல்ல வாக்கியம். நான் இல்லாதபோது வந்து போனது இப்போதுதான் தெரிந்தது என்ற பொருள் அதில் ஒளிந்திருக்கிறது. அந்தப் பொருளை ஆங்கில ‘ஹேவ்’ தாங்காது.

‘டிஸ்கஸ் அபௌட்’, ‘சீனியர் தேன்’, ‘ரிட்டர்ன் பேக்’, ‘தோ... பட்’. நான்கும் தவறு என்று புத்தகத்தில் இருக்கிறது, காரணம் இல்லை.

‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பதில் உள்ள ‘பற்றி’தான் ‘அபௌட்’ ஆகிறது. ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குள்ளேயே அது அடங்கிவிட்டது. ஆனால் ‘டிஸ்கஷன் அபௌட்’ சரி, அது பெயர்ச்சொல்.

‘என்னைவிட சீனியர்’ என்று சொல்லிப் பழகியதால் ‘தேன்’ வருகிறது. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் நான்கும் லத்தீனிலிருந்து ஒப்பீட்டு உருவத்திலேயே வந்தவை, ‘டு’தான் வாங்கும். ‘மோர் சீனியர்’ என்றும் தேர்வில் எழுதாதீர்கள்.

‘ரிட்டர்ன்’ என்றாலே திரும்பி வருவது, ‘பேக்’ வீண். ‘ஏழையாக இருந்தாலும் நேர்மையானவர்’ என்கிறோம். அந்த ‘ஆலும்’ வந்த பிறகு நடுவே ‘ஆனால்’ சேர்ப்போமா? ஆங்கிலத்திலும் ‘தோ’ போட்டால் ‘பட்’ வேண்டாம்.

ஆபீஸ் மெயிலில் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று எழுதினேன், மேலதிகாரி சிவப்புக் கோடு போட்டார்.

கோடு சரியே. தகவல்கள், அறிவுரைகள் என்று நமக்குப் பன்மை உண்டு, அங்கே கிடையாது. ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், அட்வைஸ், ஹோம்வொர்க், சீனரி எல்லாம் ஒரே ஜாதி. எண்ணியே ஆகவேண்டும் என்றால் ‘டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ்’. அரிசிக்கும் நாம் ‘அரிசிகள்’ போடுவதில்லையே, ஆங்கிலேயருக்கு ஃபர்னிச்சரும் அரிசி மாதிரி.

எதற்கெடுத்தாலும் ‘இஸ்ன்ட் இட்?’ சேர்க்கிறேன் என்று மகள் கிண்டல் செய்கிறாள்.

நம் ‘இல்லையா’, ‘தானே’ எந்த வாக்கியத்துக்கும் பொருந்தும் சாவி. ஆங்கிலத்தில் பூட்டுக்கு ஒரு சாவி: ‘யூ ஆர் கமிங், ஆரன்ட் யூ?’, ‘ஷி சிங்ஸ், டஸன்ட் ஷி?’, ‘ஹி டிட் நாட் கம், டிட் ஹி?’ விசித்திரமான சாவிகளும் உண்டு: ‘ஐ ஆம் லேட், ஆரன்ட் ஐ?’, ‘லெட்ஸ் கோ, ஷல் வி?’ பேச்சில் எல்லாவற்றுக்கும் ‘இஸ்ன்ட் இட்’ போட்டாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடும். மகளிடம் அதைச் சொல்லிக்கொள்ளுங்கள். தேர்வுத்தாளில் அந்தச் சலுகை இல்லை.

‘ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி’ என்பதில் என்ன தவறு? ‘வேர் இஸ் ஹி’ சரிதானே?

தனியாக நின்றால் சரி, அது கேள்வி. இன்னொரு வாக்கியத்தின் வயிற்றுக்குள் போனதும் அது கேள்வி இல்லை, அதனால் நேர்வரிசைக்குத் திரும்பிவிடும்: ‘ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்.’ ‘கேன் யூ டெல் மி வாட் தி டைம் இஸ்?’ என்பதும் அப்படியே.

ப்ரிபொசிஷனில் வாக்கியத்தை முடிக்கவே கூடாது என்று என் ஆசிரியர் சொன்னார். ‘ப்ரிபோன்’ என்ற சொல்லே இல்லை என்றும் சொன்னார். உண்மையா?

இரண்டிலும் உங்கள் ஆசிரியரோடு நான் ஒத்துப்போகவில்லை. ப்ரிபொசிஷன் குற்றச்சாட்டு 17-ஆம் நூற்றாண்டில் ஜான் டிரைடன் என்ற கவிஞர் கிளப்பியது. 1672-இல் அவர் பென் ஜான்சனின் வரிகளில் இதைக் குறையாகக் காட்டினார். 1762-இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத், பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர், இந்தப் பழக்கம் பேச்சுக்குப் பொருந்தும், உயர்ந்த நடைக்கு மாற்றி எழுதுவது அழகு என்ற அளவிலேதான் சொன்னார். அதைச் சொன்ன வாக்கியத்திலேயே ஒரு பகுதியை ‘டு’வில் முடித்தும் வைத்தார். ‘வாட் ஆர் யூ லுக்கிங் அட்?’ என்பதில் ஒரு பிழையும் இல்லை.

‘ப்ரிபோன்’ இந்திய ஆங்கிலம் என்ற குறிப்போடு ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து மும்பைக்கு எழுதும் மெயிலில் தாராளமாகப் போடலாம். லண்டன்காரருக்கு எழுதினால் ‘பிரிங் ஃபார்வர்ட்’ போடுங்கள், அவர் விழிக்காமல் இருப்பார்.

தேர்வில் ‘நோ எரர்’ என்ற கடைசி விருப்பம்தான் என்னைக் கொல்கிறது. தவறு இல்லை என்று எப்படி உறுதி செய்வது?

ஒரே ஒழுங்கில் தேடுங்கள். முதலில் எழுவாயும் வினையும், மேலே சொன்ன தமிழ்ச் சோதனையோடு. அடுத்து காலம்: ‘யெஸ்டர்டே’, ‘சின்ஸ்’ போன்ற சொல் எங்காவது ஒளிந்திருக்கிறதா? ‘இஃப்’ இருந்தால் அதே பகுதியில் ‘வில்’ இருக்கிறதா? நாம் ‘மழை பெய்தால்’ என்கிறோம், அந்த ‘பெய்தால்’ எதிர்காலத்தைச் சுமப்பதில்லை. ‘இஃப் இட் ரெய்ன்ஸ்’தான் அதற்கு இணை, ‘இஃப் இட் வில் ரெய்ன்’ அல்ல. பிறகு சோடிச் சொற்கள்: ‘நோ சூனர்’ இருந்தால் ‘தேன்’, ‘ஹார்ட்லி’ இருந்தால் ‘வென்’. கடைசியாக ‘எ, அன், தி’யும் ப்ரிபொசிஷனும். இந்த நான்கு சல்லடையிலும் ஒன்றும் சிக்காவிட்டால் ‘நோ எரர்’ போட்டுவிட்டு நகருங்கள். “எதற்கும் இருக்கட்டும்” என்று இரண்டாவது தடவை படித்து, நல்ல வாக்கியத்தில் குற்றம் கண்டுபிடித்து, வங்கித் தேர்வில் தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண்ணையும் கூடவே இழந்தவர்கள் என் வகுப்பிலேயே நிறைய.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று தருகிறேன்: ‘தி லிஸ்ட் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஹூ ஹேவ் பெய்ட் தி ஃபீஸ் ஆர் ஆன் தி நோட்டீஸ் போர்ட்.’ இதில் ‘ஹேவ்’ஐத் தொடாதீர்கள், அது மாணவர்களுடையது.