டீ குடித்தால் பல் செட் கெடுமா?

கேள்வி: எனக்கு வயது 63. மேலே முழு பல் செட். கீழே முன்பற்கள் ஆறும் சொந்தப் பற்கள், மற்ற இடத்தில் கம்பி வைத்துக் கழற்றி மாட்டும் செட். கட்டி ஒன்றரை வருடம் ஆகிறது. தினமும் ஐந்தாறு டீ, வெயில் காலத்தில் எலுமிச்சை சோடா, விசேஷங்களில் கொஞ்சம் மது உண்டு. மேல் செட்டில் பற்களுக்கு நடுவே பழுப்பு ஏறிவிட்டது. பேஸ்ட் போட்டு அழுத்தித் தேய்த்தும் போகவில்லை. சூடு பட்டால் செட் இளகிவிடும் என்கிறார் மருமகள். டீயை நிறுத்திவிடவா? – வாசகர், திருப்பூர்.

பதில்: டீ தாராளமாகக் குடியுங்கள். ஆனால் செட்டுக்கு பேஸ்ட் போடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். அது டீயைவிட அதிகம் கெடுதல் செய்கிறது.

பெரும்பாலான பல் செட்டுகளில் பற்களும் ஈறு நிறப் பகுதியும் அக்ரிலிக் என்ற ஒருவகை பிளாஸ்டிக்கால் ஆனவை. கடினத்தை அளக்கும் நூப் அளவையில் இயற்கைப் பல்லின் கடினமான மேலுறையான எனாமல் 340-ஐ ஒட்டி வரும், அக்ரிலிக் வெறும் 20-ஐ ஒட்டித்தான். எனாமலுக்காகத் தயாரித்த பேஸ்ட்டில் உள்ள தேய்ப்புத் துகள்கள் இந்த மென்மையான பரப்பில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். டீயில் உள்ள டானின் அந்தக் கீறல்களுக்குள் போய்த் தங்கும். பழுப்பு கூடுகிறதே என்று நீங்கள் இன்னும் அழுத்தித் தேய்க்க, கீறலும் கூடும். கறை போகாததன் காரணம் பெரும்பாலும் இதுதான். செட்டின் மேல் எச்சிலும் கிருமிகளும் சேர்ந்து படியும் வழுவழுப்பான படலமும் நிறத்தைப் பிடித்து வைக்கும். பற்கள் ஒன்றோடொன்று சேரும் இடுக்கில் பிரஷ் சரியாக எட்டாததால் பழுப்பு முதலில் அங்கேதான் தெரியும்.

டீ குடித்ததும் ஒரு வாய் பச்சைத் தண்ணீர் விட்டுக் கொப்பளியுங்கள். இரவில் செட்டைக் கழற்றி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மென்மையான பிரஷால் உள்பக்கமும் வெளிப்பக்கமும் தேய்த்து நன்றாக அலசுங்கள். கீழே வாளியிலோ தொட்டியிலோ தண்ணீர் இருக்கட்டும், வழுக்கி விழுந்தாலும் உடையாது. பிறகு சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். அக்ரிலிக் தன் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும், காய்ந்தால் அளவு மாறும். பிளீச்சிங் திரவத்தில் ஊறப்போடாதீர்கள். உங்கள் கீழ் செட்டின் கம்பியை அது அரித்துவிடும்.

மருமகள் சொன்ன சூடு விஷயத்துக்கு வருகிறேன். குடிக்கிற சூட்டுக்கு செட் இளகாது. ஆனால் கிருமி சாகட்டும் என்று கொதிக்கும் நீரில் போட்டால் கோணிவிடும், அப்புறம் அண்ணத்தில் சரியாக உட்காராது. அந்த அளவில் அவர் பயப்படுவது சரிதான்.

டீயின் சூட்டைப் பற்றி எனக்கு வேறொரு கவலை இருக்கிறது. அக்ரிலிக் சூட்டை எளிதில் கடத்தாது. முழு மேல் செட் அண்ணத்தை மூடியிருப்பதால், ‘அம்மாடி, சுடுகிறதே’ என்று முதலில் எச்சரிக்க வேண்டிய இடத்துக்கு அந்தச் சூடு தெரிவதில்லை. மடக்கென்று விழுங்கிய பிறகு தொண்டைதான் எரியும். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. எனவே டீயை இரண்டு ஆற்று ஆற்றிக்கொண்டு, முதல் மடக்கை உதட்டாலும் நாக்கு நுனியாலும் பதம் பார்த்துவிட்டுக் குடியுங்கள்.

எலுமிச்சை சோடாவால் செட்டுக்கு ஆபத்து குறைவு. அமிலம் கரைப்பது பல்லில் உள்ள கால்சியத்தை, அக்ரிலிக்கில் அது கிடையாது. அடி வாங்குவது உங்கள் ஆறு சொந்தப் பற்கள்தான். வாயின் பி.எச். (அமிலத்தைக் காட்டும் அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும், எலுமிச்சைச் சாறோ 2-க்கும் 3-க்கும் இடைப்பட்டது. கம்பி பிடித்திருக்கும் பல்லைச் சுற்றி அழுக்கும் சர்க்கரையும் தேங்கும் என்பதால் அங்கே சொத்தையும் சீக்கிரம் வரும். அந்தப் பல் போனால் கீழ் செட்டுக்குப் பிடிமானமே இருக்காது, புதிதாகத்தான் கட்ட வேண்டும். அதனால் சோடாவை உறிஞ்சி உறிஞ்சி ஒரு மணி நேரம் இழுக்காமல் ஒரேயடியாகக் குடித்துவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். சொந்தப் பற்களை உடனே துலக்காதீர்கள், அரை மணி நேரம் போகட்டும். அவற்றுக்கு ஃப்ளோரைடு பேஸ்ட் கட்டாயம் வேண்டும்.

மதுவில் உள்ள ஆல்கஹால் அக்ரிலிக்கில் மயிரிழை போன்ற விரிசல்களை உண்டாக்கக்கூடியது. எப்போதாவது வாயைக் கடந்து போகும் அளவுக்குப் பயம் வேண்டாம். செட்டை சானிடைசரிலோ ஸ்பிரிட்டிலோ ஊற வைப்பதும், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷை தினமும் பயன்படுத்துவதும்தான் தவறு.

இப்போது ஏறியிருக்கும் பழுப்பை வீட்டில் சுரண்டாதீர்கள். பல் மருத்துவரிடம் கொடுத்தால் அல்ட்ராசோனிக் தொட்டியில் சுத்தம் செய்து, பாலிஷ் போட்டுத் தருவார். போகும்போது இரண்டு செட்டையும் வாயில் மாட்டிக்கொண்டே போங்கள். கடி சரியாக இருக்கிறதா, கம்பி பிடித்த பற்கள் ஆடுகின்றனவா என்பதையும் அவர் அப்போதே பார்த்துவிடலாம்.