நடக்கச் சொல்லும் சுகாதாரச் செய்தியை மக்கள் எப்போது கேட்பார்கள்?

"உடற்பயிற்சி செய்யுங்கள் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிவைத்தால் பெரியவர்கள் யாராவது மாறுவார்களா?" என்பது கேள்வி. மாறுவார்கள். ஆனால் அந்தச் செய்தி யாருக்கு, எப்போது, எங்கே என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் சுகாதார வேலை செய்கிறேன், அதனால் மலையகத்தை வைத்தே பேசுகிறேன்.

நாள் முழுக்க மலையேறிக் கொழுந்து பறித்துவிட்டு வரும் அக்காவிடம் "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்பது அவருடைய உழைப்பையே கணக்கில் எடுக்காத பேச்சு. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், வேலையில் நடக்கும் நடையும் அதில் சேரும். அவரிடம் தேத்தண்ணிச் சீனியைப் பற்றியும் ஓய்வைப் பற்றியும் பேசலாம். நடக்கச் சொல்ல வேண்டியவர்கள் வேறு: பென்சன் எடுத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்துவிட்ட ஐயாமார், டவுன் கடைகளில் கல்லாவில் இருப்பவர்கள், விடிந்ததிலிருந்து ஓட்டோவை விட்டு இறங்காத தம்பிமார்.

அடுத்தது பயமுறுத்தல். "நடக்காவிட்டால் காலையே வெட்டி எடுக்க வேண்டி வரும்" என்று சொன்னால் கேட்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். என்ன செய்வது என்ற வழியும் கூடவே இல்லாத பயம் ஆளை முடக்கத்தான் செய்யும். உடலசைவைப் பொறுத்தவரை, இழப்பைச் சொல்வதைவிடக் கிடைக்கப்போகும் நன்மையைச் சொல்வதே பலன் தருகிறது என்ற பக்கமே ஆய்வுகளும் சாய்கின்றன. அதிலும் பத்து வருடம் கழித்து வரும் நன்மையைவிடச் சீக்கிரம் தெரியும் நன்மை ஆளை இழுக்கும். இரவு நல்ல தூக்கம் வரும். மனம் லேசாகும். சாப்பிட்டபின் கொஞ்சம் நடந்தால் இரத்தத்தில் சீனி ஏறுவது குறையும், சீனி வருத்தக்காரர் (நீரிழிவு உள்ளவர்) சீனி பார்க்கும் வீட்டு மீட்டரிலேயே அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2010 வழிகாட்டலில் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று இருந்தது. 2020இல் அதை எடுத்துவிட்டார்கள், இப்போது ஒவ்வொரு அசைவும் சேர்த்தி. ஒழுங்காக நேரம் கிடைக்காத நம் ஆட்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை, ஆனால் இதைத்தான் யாரும் போய்ச் சொல்வதில்லை. எவ்வளவு வேகம் என்று கேட்டால், பேச முடியும், பாட்டுப் பாட முடியாது, அந்த அளவு.

இடத்தைச் சொல்லாத செய்தி இங்கே எடுபடாது. சமதரைப் பூங்காவில் சப்பாத்துப் போட்டு ஓடுகிறவரின் படத்தை ஒட்டினால், அது கொழும்புக்காரருக்கு என்று விட்டுவிடுவார்கள். "பின்னேரம் தேத்தண்ணி குடித்ததும், பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு, கோயில் வரை போய் வாங்க" என்றால் மனதில் நிற்கும். மழைக்காலத்துக்கும் வழி சொல்ல வேண்டும். மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் வழுக்கும் படிக்கட்டில் வயதானவரை இறக்கிவிட முடியாது. வீட்டுக்குள்ளேயே கதிரையில் உட்கார்ந்து எழும்புவது தொடைக்கு வலு தரும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு விழாமல் சமநிலை காக்கும் பயிற்சியும் வாரத்தில் மூன்று நாள் வேண்டும்.

என் அனுபவத்தில் போஸ்டரைவிட ஆள் பெரிது. கிளினிக்கில் சொன்னதை அடுத்த கிளினிக்கில் "நடை எப்படிப் போகுது ஐயா, முழங்கால் நோகுதா?" என்று விசாரிக்க வேண்டும். நோகுது என்றால் இறக்கத்தை விட்டுவிட்டு மட்டமான பாதையாகச் சொல்லிக் கொடுக்கலாம்.