போன் ஏன் வலது காதுக்கு மாறியது?

கேள்வி: மாமியார் படுத்த படுக்கை, மகளுக்குப் பிளஸ் டூ தேர்வு. ஒன்பது நாளாக இடது காதில் ‘ங்...’ என்று ஓயாத இரைச்சல். போனைக்கூட இப்போது வலது காதில்தான் வைக்கிறேன். ஸ்ட்ரெஸ் ஹார்மோன் வந்து ஒட்டுகிற ஏற்பிகள் உள்காதிலும் இருக்கின்றனவாமே, டென்ஷன் குறைந்தால் சரியாகிவிடுமா? என்ன பிராணாயாமம் செய்யலாம்?
– பெயர் வேண்டாம், வயது 46

பதில்: பிராணாயாமம் இருக்கட்டும். போனை ஏன் மாற்றினீர்கள்? இரைச்சல் மட்டும் என்றால் யாரும் காது மாற்றிப் பேசுவதில்லை, இடது காதில் எதிராளி பேசுவது விளங்கவில்லை, அதனால் மாற்றினீர்கள். ஒன்பது நாளாகக் கேட்காத காதை வைத்துக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்!

நீங்கள் படித்தது சரிதான். அட்ரீனல் சுரப்பி விடுகிற கார்டிசோல் என்கிற ஸ்ட்ரெஸ் ஹார்மோனுக்கு உள்காதின் நத்தைச்சுருளில் ஏற்பிகள் உண்டு, முக்கியமாக அங்குள்ள திரவத்தில் பொட்டாசியம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் பக்கச்சுவர்த் திசுக்களில். ஆனால் பாதியைத்தான் படித்திருக்கிறீர்கள். திடீரென்று காது மந்தமானால் டாக்டர்கள் கொடுக்கிற ஸ்டிராய்டு மாத்திரையும் அதே ஏற்பிகளில்தான் போய் ஒட்டுகிறது. எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை, கிடைக்கிறவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு வாரத்துக்குள் ஆரம்பித்தவர்கள். உங்களுக்கு மிச்சம் ஐந்து நாள். உள்காதில் ஒலியை உணர்கிற மயிர்செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது, தெரியுமா?

வெறும் அழுக்கு அடைப்பாகவும் இருக்கலாம், அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், நீங்களாக எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம். நாளைக் காலையிலேயே இ.என்.டி. டாக்டரிடம் போய், “ஒன்பது நாளாக இடது காது கேட்கவில்லை” என்று சொல்லுங்கள், “டென்ஷன், இரைச்சல்” என்று ஆரம்பித்தால் தூக்க மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கிற சோதனை, எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சுகர் இருந்தால் மறைக்காதீர்கள், ஸ்டிராய்டு அதை ஏற்றிவிடும். அப்படிப்பட்டவர்களுக்குச் செவிப்பறை வழியாக ஊசியாகப் போடுவதும் உண்டு.

“தேர்வு முடியட்டும், அத்தைக்குக் கொஞ்சம் தேவலையாகட்டும்” என்பீர்கள். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது கடமைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அவர் பெற்ற பிள்ளைகளுக்கும் அது கடமை. உங்கள் கடிதத்தில் மாமியார் வருகிறார், மகள் வருகிறாள், கணவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே, ஏன்? அவர் லீவு போடட்டும். முடியாதென்றால் நாத்தனாரை நாலு நாள் வந்து இருக்கச் சொல்லுங்கள். இன்றைக்கே கூப்பிடுங்கள், வலது காதிலேயே வைத்துப் பேசுங்கள், அதுதானே கேட்கிறது.