புயல் எச்சரிக்கை வந்தால் மாட்டைக் கட்டுவதா, அவிழ்ப்பதா?

கேள்வி: பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். இரண்டு பசு, அதில் ஒன்று எட்டு மாதச் சினை. ஒரு கன்று, ஐந்து ஆடு, பத்துப் பதினைந்து நாட்டுக்கோழியும் உண்டு. லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டை வெட்டித்தான் பட்டி போட்டிருக்கிறோம். டித்வா புயல் நேரம் எப்படியோ தப்பிவிட்டோம். அடுத்த முறை புயல் என்று ரேடியோவில் சொன்னால் மாட்டைப் பட்டிக்குள் கட்டிவைப்பதா, அவிழ்த்து விடுவதா? வீட்டுக்காரர், "நான் மாட்டோட இருக்கேன், நீங்க போங்க" என்கிறார்.

பதில்:

தங்கச்சி, கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் பட்டியில் தங்கவே கூடாது. ஆனால் இதை நீங்கள் போய்ச் சொன்னால் அவர் கேட்கவா போகிறார்? பிள்ளை மாதிரி வளர்த்த மாட்டை விட்டுவிட்டு வர யாருக்கு மனசு வரும்? கடைக்கணக்கை அடைப்பதும் அந்தப் பால் காசுதான். அதனால் வாதாடிப் பிரயோசனமில்லை. அவருக்கு முந்தி மாடு போய்விட வேண்டும். மாடு இல்லாத பட்டியில் அவர் ஏன் தங்கப் போகிறார்?

ஆகவே கட்டுவதுமில்லை, அவிழ்த்து விடுவதுமில்லை. வெளிச்சம் இருக்கும்போதே நடத்திக்கொண்டு போவதுதான் வழி. அதற்கு நேரம் தவறிவிட்டால் மட்டும் அவிழ்ப்பது.

1978 நவம்பரில் மட்டக்களப்பை அடித்த சூறாவளி மாதிரி கரையோரத்தில் வருவது காற்று. நம் பக்கம் காற்று தகரத்தைப் பிடுங்கும், மரத்தைச் சாய்க்கும், ஆனால் ஆளை விழுங்குவது மண். 2014 ஒக்டோபர் 29 பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தபோது புயலே இல்லை, மழைதான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தபோதும் கண்டி, பதுளை, நுவரெலியாப் பக்கம் மண்சரிவுதான் ஊரையே புரட்டிப்போட்டது. பட்டி காற்றுக்குத் தாங்குமா என்பது இரண்டாவது கேள்வி. பட்டி நிற்கிற மண் தாங்குமா என்பதை முதலில் பாருங்கள்.

உங்கள் பட்டியை நான் பார்க்கவில்லை. ஆனாலும் வெட்டிய மேட்டை ஒட்டிய பட்டிகளில் நான் அடிக்கடி காணும் தவறு ஒன்று உண்டு. கூரைத் தண்ணீர் பின்பக்கமாக, மேட்டின் அடியிலேயே விழும். உரக்குழியோ மேட்டின் தலைப்பில் இருக்கும். மழை நாளில் அந்தக் குழி நிரம்பி, மண்ணை மேலிருந்து ஊறவைத்துக்கொண்டே இருக்கும். அடியில் கூரைத் தண்ணீர், தலையில் சாணித் தண்ணீர் என்றால் எந்த மேடு நிற்கும்? மூங்கிலைப் பிளந்தோ பழைய தகரத்தை வளைத்தோ ஒரு பீலி வைத்து, கூரைத் தண்ணீரை வடிகானுக்குத் திருப்புங்கள். உரக்குழியை வேறு பக்கம் மாற்ற முடியாவிட்டால், மழைக்காலத்துக்கு முன் வழித்தெடுத்து, மழைத்தண்ணீர் இறங்காதபடி மேலே தகரம் போடுங்கள். கானில் அடைத்துக் கிடக்கும் இலைதழையையும் வாரிவிடுங்கள். காசு செலவில்லாத வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

அப்படியே மேட்டின் தலைக்கு ஏறி ஒரு சுற்றுப் பாருங்கள். புதிதாக நிலம் வெடித்திருக்கிறதா, நேராக நின்ற மரம் சாய்ந்திருக்கிறதா, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பியிருக்கிறதா, ஊற்றிலிருந்து தெளிவாக வந்த பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கி வருகிறதா, லயத்துச் சுவரில் புது விரிசல் உண்டா? இதில் ஒன்று கண்டாலும் எச்சரிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். கிராம சேவகரிடம் சொல்லுங்கள், இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அழையுங்கள்.

மாட்டை எங்கே கொண்டுபோவது? மலை சரிந்தால் மண் பெரும்பாலும் பள்ளமான மடுவு வழியாகத்தான் இறங்கும், பழைய ஓடை போன வழியாக. ஆகவே மடுவையும் ஆற்றோரத்தையும் விட்டுவிட்டு, மலை முதுகு தட்டையாக இறங்குகிற பக்கத்தில் இடம் தேடுங்கள். தோட்டத்து மைதானம் சரிதானே என்று பலர் கேட்பார்கள். அதுவும் பல இடங்களில் ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் நிரப்பியதுதான், நிரப்பிய விளிம்பில் கட்டாதீர்கள். கிரவிலியா, டர்பன்டைன் மரத்தடியும், மின்கம்பிக்குக் கீழும் வேண்டவே வேண்டாம். சொந்தக்காரர் பட்டி ஒன்று நல்ல இடத்தில் இருந்தால் அதைவிட மேல் வேறில்லை, இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இடம் முடிவானதும் வெயில் நாளில் இரண்டு மூன்று தரம் மாட்டை அங்கே நடத்திக்கொண்டு போய், ஒரு கை புண்ணாக்கு வைத்துவிட்டுத் திரும்புங்கள். பழகாத வழியில், கொட்டும் மழையில், மாடு நாலு காலையும் ஊன்றிக்கொண்டால் இரண்டு ஆள் இழுத்தாலும் அசையாது.

எப்போது நடத்துவது? தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று விடுகிறது. மஞ்சள் வந்தால் புல் அறுத்துச் சேர்க்கும் நேரம். செம்மஞ்சள் வந்தால் மாடு நடக்கும் நேரம். சிவப்பு வந்தால் மனிதர் மட்டும்தான். கரண்ட் போய், போனும் செத்துவிட்டால் நிறம் எப்படித் தெரியும்? நேரான சுவருள்ள ஒரு பால்மா டின்னை வெட்டவெளியில் வையுங்கள். பிள்ளைகளின் அடிமட்டத்தை உள்ளே விட்டு அளந்தால் மழை எவ்வளவு என்று தெரிந்துவிடும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது ஏழரை சென்ரிமீற்றர், பெய்து இன்னும் விடாவிட்டால் விழிப்பு. 100 ஆனால் ஆயத்தம். 150 ஆனாலோ, ஒரு மணித்தியாலத்திலேயே 75 கொட்டினாலோ வெளியேற வேண்டும். என் கணக்கு இன்னும் கண்டிப்பு: மாலை ஐந்து மணிக்கு டின்னில் ஏழரை இருந்து மழையும் விடாவிட்டால் மாடு அன்றைக்கே நடந்துவிட வேண்டும். இரவில் டோர்ச்சோடு சரிவில் மாடு நடத்துகிற வேலை வேண்டாம்.

கயிறு பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், இதில் ஒரு மாடு போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நனைந்த தென்னங்கயிறு, மாடு இழுக்க இழுக்க முடிச்சு கல்லாகிவிட்டது. வீட்டுக்காரர் நகத்தால் கிள்ளுகிறார், பல்லால் கடிக்கிறார், ம்ஹும். கவ்வாத்துக் கத்தி காம்பராவுக்குள் இருந்தது, எடுத்து வருவதற்குள் மேட்டு மண் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. ஆள் தப்பினார், அவ்வளவுதான். ஆகவே நுனியை ஒரு இழு இழுத்தால் அவிழும் முடிச்சு மட்டும் போடுங்கள், வீட்டில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அவிழ்த்துப் பழகுங்கள். சங்கிலி வேண்டாம். மூக்கணாங்கயிற்றில் கட்ட வேண்டாம், இரண்டு மாட்டைச் சேர்த்துப் பிணைக்கவும் வேண்டாம். பழைய கத்தி ஒன்றைத் தீட்டிப் பட்டி வாசல் தூணிலேயே செருகி வையுங்கள். சிவப்பு வந்து மாடு இன்னும் பட்டியில் என்றால், வெட்டிவிட்டு, படலைத் திறந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டியதுதான். அவிழ்ந்த மாடு தானாக வழி தேடிக்கொள்ளும், கட்டுண்ட மாட்டால் முடியாது.

நடத்தும்போது சினைப் பசு முதலில், மெதுவாக, படிக்கட்டு வழி தவிர்த்து. எட்டாம் மாதத்திலும் கறந்துகொண்டிருந்தால் இப்போதே பால் வற்ற விடுங்கள், ஈனுவதற்கு முன் இரண்டு மாதம் மடிக்கு ஓய்வு வேண்டும். கன்றுக்குப் பெரிய எதிரி குளிர். ஈர உடம்போடு மலைக் காற்றில் ஒரு இரவு நின்றால் நெஞ்சுச்சளி பிடித்துவிடும். துடைத்து, காய்ந்த சாக்கை முதுகில் கட்டிவிடுங்கள். ஆட்டையும் மழையில் விடாதீர்கள், மேலே கூரை வேண்டும். கோழியைப் பொழுது சாயும்போது பிடித்து, துளை போட்ட பெட்டியில் போட்டால் இருட்டில் சத்தமில்லாமல் கிடக்கும். பெட்டியை உங்களோடு தூக்கிப் போகலாம்.

தீனிக்கு மூன்று நாள் கணக்கு வையுங்கள். 400 கிலோ பசு நாளுக்கு ஏறக்குறைய 40 கிலோ பச்சைப் புல் தின்னும். மஞ்சள் எச்சரிக்கை அன்றே அறுத்து, கூரைக்குள் பரப்பி வாட விடுங்கள். குவித்தால் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். புண்ணாக்கும் தவிடும் பொலித்தீனுக்குள், பலகை மேல். நனைந்து கட்டிபிடித்த புண்ணாக்கை "காயவச்சுப் போடலாம்" என்று நினைக்க வேண்டாம், குப்பைக்குத்தான்.

பட்டித் தகரத்தை ஆணியை மட்டும் நம்பி விடாமல் வளைக்குக் கம்பியால் கட்டுங்கள். மேலே கல் ஏற்றுவது நம் பக்கத்து வழக்கம், எனக்குப் பிடிக்காது. தகரம் பறக்கும்போது கல் கீழே நிற்கிற மாட்டின் தலையில்தான் விழும். மண் நிரப்பிய உரபேக் தேவலை. மாட்டை இடம் மாற்றும் முன் காதுத் தோட்டு இலக்கம் தெரிகிற மாதிரி போனில் ஒரு படம் எடுங்கள். மாடு தொலைந்தாலும் நட்டஈடு கேட்டாலும் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்ட உதவும்.

மழை விட்ட பிறகு பால் லொறி வராது என்று கறக்காமல் விட்டால் மடிவீக்கம் வரும். புண்ணாக்கைக் குறைத்து, ஒரு வேளையாவது கறந்து, தயிர் போடுங்கள். அழிந்துபோன மரக்கறித் தோட்டத்திலிருந்து கோவா, லீக்ஸ் என்று மூட்டை மூட்டையாக இலவசமாக வரும். கோவாவை அளவோடு போடுங்கள், நிறையத் தின்றால் இடப்பக்க வயிறு மத்தளம்போல் உப்பிவிடும். உருளைக்கிழங்குத் தழையும் பச்சை நிறமேறிய கிழங்கும் நஞ்சு. மருந்து அடித்து எத்தனை நாள் என்று கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். புல் அறுக்கிற இடத்தில் தகரத் துண்டு, ஆணி, கம்பி கிடக்கிறதா என்று முதலில் பொறுக்குங்கள். மாடு மெல்லாமல் விழுங்கும், கம்பி இரைப்பையைக் குத்தி நெஞ்சுவரை போகும், பல நாள் கழித்து ஏன் மெலிகிறது என்றே தெரியாது. சேற்றில் இறங்கும்போது பூட்ஸ் போடச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே குடிக்கிற குளிசையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

ஈனும் நாளையும் கலண்டரில் குறித்துவிடுங்கள். சினை பிடித்த நாளிலிருந்து ஏறக்குறைய 280 நாள். அந்த வாரத்தில் மழை எச்சரிக்கை வந்தால் மஞ்சளிலேயே அந்தப் பசுவை நடத்திவிடுங்கள்.