ஏற்றத்தில் சைக்கிள் பெடலிலிருந்து கால் கழலாமல் விழுகிறீர்களா?

ஷூவின் அடிப்பாகத்தைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடல் போட்ட சைக்கிளில், கோத்தகிரி ஏற்றத்தில் ஷூ சிக்கி இரண்டு முறை விழுந்தேன் என்று எழுதியிருந்தீர்கள். நானும் குன்னூரில் தேயிலை லாரிக்கு வழிவிட நின்று, நின்ற இடத்திலேயே வெட்டின வாழைபோல் சாய்ந்தவன்தான். (டிரைவர் சிரித்ததுதான் அதிகம் வலித்தது.)

பதற்றத்தில் காலை மேலே இழுக்கிறோம், அது வராது. பெடல் கீழே வரும்போது குதிகாலை வெளிப்பக்கம் திருப்புங்கள். பெடல் ஷூவை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவையும் ஆலன் கீயால் (அறுகோண முனைச் சாவி) நன்றாகத் தளர்த்திவிடுங்கள்.

ஏற்றத்தில் வேகம் சட்டென்று செத்துவிடும். அதனால் நிற்பதற்கு முன்பே, உருளும்போதே இடது காலைக் கழற்றி இடப்பக்கம் சாயுங்கள். வலப்பக்கம் விழுந்தால் பஸ் வரும். திரும்பக் கிளம்பும்போது சரிவான இடத்தில் மல்லுக்கட்டாதீர்கள், கொஞ்சம் சமதரை வரை தள்ளிக்கொண்டு போங்கள். ஊட்டி–மசினகுடி சாலையில் வரும் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.